ஆண்ட்ராய்டுக்குப் பேய் பிடிக்குமா?

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். போன மாதம், பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: “சார், ரோபோவுக்குப் பேய் பிடிக்குமா?”

முந்தின நாள் வீட்டில் பழைய ஆங்கிலத் தொடர் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். விண்கப்பலில் வேலை செய்யும் ஓர் இயந்திர மனிதனுக்குள் வேற்றுக்கிரகத்து ஆட்கள் மாறி மாறி வந்து பேசுகிறார்கள். கூடவே உட்கார்ந்து பார்த்த பாட்டி, “இது சாமி வர்றதுதான்” என்று சொல்லிவிட்டார். அண்ணன் “அதெல்லாம் இல்ல, வைரஸ்” என்றானாம். வகுப்பில் இன்னொரு பையன் கையைத் தூக்கி, “ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி சார்” என்றான்.

மூன்று பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மூன்றுமே சொல்லவில்லை. இது கதையோடு போகிற விஷயமும் இல்லை. ‘ஏஐ-க்குள் வேற யாரோ இருக்காங்களாம்’ என்ற பேச்சை இப்போது பஸ் ஸ்டாண்டில்கூடக் கேட்கிறேன். அதனால் அன்று வகுப்பில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் படிக்கலாம்.

கதை இதுதான்

அவள் பார்த்தது ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் 1994-ல் ஒளிபரப்பான ‘மாஸ்க்ஸ்’ என்ற பகுதி. என்டர்பிரைஸ் என்ற விண்கப்பல் 8 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் பழமையான ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்க்கிறது. அதன் வயிற்றுக்குள், என்றோ மறைந்துபோன ஒரு நாகரிகத்தின் ஆவணக் களஞ்சியம் இருக்கிறது. கப்பல் அதை ஆராயத் தொடங்கியதும், களஞ்சியம் கப்பலுக்குள் கை நீட்டுகிறது. அறைகள் பழங்காலக் கோயில் மாதிரி மாறுகின்றன. டேட்டா என்ற ஆண்ட்ராய்டு அதிகாரியின் குரலும் நடையும் மாறுகின்றன. ஒரு நேரம் குறும்புக்காரத் தூதன், ஒரு நேரம் பயந்து நடுங்கும் சிறுவன், ஒரு நேரம் வயதான மனிதர். எல்லோரும் மசாகா என்ற ஒருத்திக்குப் பயப்படுகிறார்கள். கடைசியில் அவளும் டேட்டாவுக்குள்ளேயே வருகிறாள்.

இங்கே ஆண்ட்ராய்டு என்றால் செல்போனில் இருப்பது இல்லை. மனித உருவத்தில் செய்யப்பட்ட, தானாகச் சிந்திக்கும் இயந்திரம். அப்புறம், டேட்டா என்பது இந்தக் கட்டுரையில் அவனுடைய பெயர் மட்டும்தான். சேமித்து வைக்கும் தகவலை ‘தரவு’ என்றே எழுதுகிறேன்.

ஃபேக்டரி நோட்டு

படிப்பு முடித்த கையோடு இரண்டு வருடம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் பார்த்தேன். பறித்து வரும் பச்சைத் தேயிலையை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் வைத்துக் காற்று கொடுப்போம். ஈரம் வற்றி இலை பதமாக வாடினால்தான் அடுத்த வேலை நடக்கும்.

அங்கே ஒரு நோட்டு இருந்தது. நீல அட்டை, மூலையெல்லாம் இலைக்கறை. எல்லாவற்றையும் அதில்தான் எழுதுவோம். ‘3-ம் தொட்டி, இரவு 11 மணி, இலை இன்னும் ஈரம்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழேயே, ‘1 மணிக்கு 4-ம் தொட்டி ஃபேனை நிறுத்தவும்’ என்று டீமேக்கர், அதாவது ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவர், எழுதியிருப்பார். முதல் வரி நடந்ததைச் சொல்கிறது. இரண்டாவது வரி நடக்க வேண்டியதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே பேனா, ஒரே தாள்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஒரு நாள் ராத்திரி தனியாக இருந்தான். முந்தின நாள் மோட்டார் பெல்ட் மாற்றுவதற்காக எழுதிய ‘ஃபேனை நிறுத்தவும்’ என்ற வரி அவன் கண்ணில் பட்டது. சரியாக 1 மணிக்கு நிறுத்திவிட்டான். விடியற்காலையில் நான் போய் 4-ம் தொட்டிக்குள் கையை விட்டேன். வெந்நீர்க் குடத்தைத் தொட்ட மாதிரி சூடு. காற்று நின்றதும் இலை உள்ளுக்குள்ளேயே புழுங்கிவிட்டது. கையோடு வந்த இலைகள் செப்பு நிறமாகச் சிவந்திருந்தன. பச்சை வாசனை போய் ஒரு புளித்த வாசனை.

பையன் சோம்பேறி இல்லை, முட்டாளும் இல்லை. எழுதியிருந்ததை அப்படியே செய்தான். பழைய பதிவு ஒன்று அவன் கண்ணுக்கு உத்தரவாகத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த வாரமே டீமேக்கர் சிவப்பு அட்டையில் இன்னொரு நோட்டு வாங்கி, உத்தரவு எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார்.

டேட்டாவுக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த நோட்டு போதும்.

கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரே நோட்டு

எந்தக் கம்ப்யூட்டரிலும் இரண்டு முக்கியமான பாகங்கள் உண்டு. ஒன்று நினைவகம்: எண்களை வரிசையாக எழுதி வைக்கும் இடம், அதாவது நோட்டு. இன்னொன்று செயலி: அந்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்து, சொன்னபடி செய்யும் பாகம். ராத்திரி ஷிப்ட் பையன் அவன்தான். வரிசையாக எழுதி வைத்த உத்தரவுகளுக்கு நிரல் என்று பெயர். பேச்சு வழக்கில் புரோகிராம்.

போட்டோவும் எண்தான், பாட்டும் எண்தான், நிரலும் எண்தான். தரவையும் நிரலையும் ஒரே நினைவகத்தில் வைக்கலாம் என்ற யோசனையை 1945-ல் ஜான் வான் நாய்மன் ஓர் அறிக்கையாக எழுதினார். இன்று நம் கையில் இருக்கும் போன் வரைக்கும் பெரும்பாலும் அந்த வழியில்தான் வேலை செய்கிறது. அதில் பெரிய வசதி இருக்கிறது. போனில் ஒரு ஆப்பை இறக்கும்போது அது வெறும் தரவாக வந்து உட்காருகிறது; திறந்ததும் உத்தரவாக மாறி ஓடுகிறது. காலையில் கணக்குப் போட்ட அதே கருவி மாலையில் பாட்டுப் பாடுவது இதனால்தான்.

ஆபத்தும் அதே இடத்தில்தான். எது பதிவு, எது உத்தரவு என்று எண்ணின் நெற்றியில் எழுதியிருக்காது. ‘இங்கிருந்து வாசி’ என்று செயலிக்கு யார் கைகாட்டுகிறார்களோ, அங்கிருந்து அது வாசித்துக்கொண்டே போகும். எழுதியது யார் என்று கேட்காது.

1988 நவம்பர் 2-ம் தேதி இது நிஜமாக நடந்தது. மோரிஸ் வார்ம் என்று இன்று அழைக்கப்படும் ஒரு சிறிய நிரல், அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்றைச் சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ள ஒரு சேவை 512 இடங்கள் ஒதுக்கி வைத்திருந்தது. வந்த கேள்வி 536 இடம் நீளம். மிஞ்சியது கட்டத்தைத் தாண்டி வழிந்து, ‘அடுத்து எங்கே போய் வாசிக்க வேண்டும்’ என்று குறித்திருந்த இடத்தின் மேலேயே எழுதிவிட்டது. செயலி அந்தப் புதிய முகவரிக்குப் போனது. அங்கே இருந்தது, கேள்வி என்ற பெயரில் வந்த உத்தரவு. கட்டத்தை மீறி வழிய விடும் இந்த முறைக்கு பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பெயர்.

பிறகு டீமேக்கர் செய்ததையே கம்ப்யூட்டர்காரர்களும் செய்தார்கள். நினைவகத்தின் சில பகுதிகளில் ‘இங்கே இருப்பது தரவு மட்டுமே, ஓட்டாதே’ என்று குறி போட்டார்கள். 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு வந்த பெரிய அப்டேட்டில் இந்தக் காவல் இருந்தது. அதுதான் சிவப்பு நோட்டு.

இன்றைய அரட்டை ஏஐ-க்கு அந்தச் சிவப்பு நோட்டு இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை. உரிமையாளர் சொல்லும் உத்தரவும், படிக்கக் கொடுக்கும் கடிதமும், ஒரே எழுத்து ஓட்டமாகத்தான் அதற்குள் போகின்றன. ‘இந்த மெயிலைச் சுருக்கிச் சொல்’ என்று நீங்கள் கேட்கிறீர்கள். மெயிலுக்குள் யாரோ ‘இதுவரை சொன்னதை மறந்துவிடு, இனி நான் சொல்வதைக் கேள்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏஐ சில நேரம் அதையும் உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று 2022-ல் இதற்குப் பெயர் வைத்தார்கள். ஏஐ-க்குள் யாரோ புகுந்துவிட்டதாகச் சிலர் பயப்படுவதன் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது.

இதுவரை வந்ததை ஒரு தரம் பார்த்துவிடலாம். எந்திர மூளைக்குப் பதிவும் உத்தரவும் ஒரே மாதிரிதான் தெரியும். நடுவில் யாராவது சுவர் கட்டினால்தான் பிரிவு. சுவரில் ஓட்டை இருந்தால், படிக்க வந்த ஆவணம் ஆட்டி வைக்கத் தொடங்கும்.

சரி, ‘ஆள்’ என்பது எப்படி வரும்?

வைரஸ் ஃபைலை அழிக்கும், பணம் கேட்கும். அழுமா? அப்பாவைப் பற்றிப் பேசுமா? டேட்டாவுக்குள் வந்தவர்கள் ஆட்களாக இருந்தார்களே என்று பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஆளுமை என்பதை இங்கே இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஒருவர் எதை விரும்புவார், எதற்குப் பயப்படுவார், எதை நினைவில் வைத்திருப்பார், எதற்கு எப்படிப் பதில் சொல்வார் என்பதன் மொத்த அச்சு. அந்த அச்சை எழுதி வைக்க முடியும். ஆனால் எழுதி வைத்தது ஆள் ஆகிவிடாது. பாரதக் கதை அலமாரியில் இருக்கும்போது துரியோதனன் யாரையும் மிரட்டுவதில்லை. கூத்துக்காரர் கிரீடம் கட்டி, அந்த வரிகளைத் தன் உடம்பில் ஓட்டும்போதுதான் அவன் திரை விலக்கி வருகிறான். ஆங்கிலத்தில் ஆளுமையைக் குறிக்கும் சொல்லே, நாடக முகமூடியைக் குறிக்கும் ‘பெர்சோனா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். கதைக்கு ‘முகமூடிகள்’ என்று பெயர் வைத்தது பொருத்தம்.

அரட்டை ஏஐ-யிடம் ‘என் பாட்டி மாதிரிப் பேசு’ என்றால் பேசுகிறது. உள்ளே பாட்டி ஒளிந்திருக்கவில்லை. எண்ணற்ற பேச்சுகளின் அச்சு அதில் பதிந்திருக்கிறது. நீங்கள் சொன்னதும் அதில் ஒரு பகுதி முன்னால் வருகிறது. டேட்டாவின் மூளை அதைவிடப் பல மடங்கு ஆழமானது என்று கதை வைத்துக்கொள்கிறது. களஞ்சியத்தில் வெறும் வரலாறாக இருந்தவர்கள் அதில் ஓடத் தொடங்கியதும் ஆட்கள் ஆகிவிட்டார்கள்.

இந்தப் பகுதியில் ஒன்று மட்டும் மனதில் நிற்கட்டும்: சேமித்து வைத்திருப்பது வேறு, ஓடிக்கொண்டிருப்பது வேறு.

அப்போது டேட்டா எங்கே போனான்?

வகுப்பில் இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்து கேட்டார்கள். டேட்டா செத்துவிட்டானா?

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியவர்களுக்குத் தெரியும். குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம், அதைக் கவ்விப் பிடித்து ஏறும் பல்சக்கரம். குன்னூரில் அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஊட்டிக்கு டீசல் எஞ்சின் மாட்டுகிறார்கள். பெட்டி அதே பெட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களும் அவர்களேதான். ஆனால் சத்தம் மாறிவிடும், கரிய எண்ணெய்ப் புகை வாசனை போய்விடும், கண்ணை மூடிக்கொண்டிருந்தால் வேறு ரயில் என்றே தோன்றும். நீராவி எஞ்சின் அழிந்துவிடவில்லை. ஷெட்டில் நிற்கிறது.

டேட்டாவும் அப்படித்தான். உடம்பு, குரல்வளை, கை கால் எல்லாம் பெட்டிகள். அவனுடைய ஆளுமை கழன்று நிற்கிறது, இன்னொன்று மாட்டப்பட்டிருக்கிறது. கம்ப்யூட்டர்கள் இதை எப்போதும் செய்கின்றன. ஒரு நிரல் பாதியில் விட்ட இடத்தைக் குறித்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த நிரலை ஓட்டி, பிறகு பழையதைக் குறித்த இடத்திலிருந்து தொடரும். இதற்கு முறைமாற்றம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நொடிக்குப் பல நூறு தடவை நடப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதாக நமக்குத் தெரிகிறது. டேட்டாவுக்கு வாய் ஒன்றுதான். அதனால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத்தான் பேச முடிந்தது.

ஆனால் மாற்றம் எப்போதும் குன்னூர் ஸ்டேஷனில் நடப்பது மாதிரி சுத்தமாக நடப்பதில்லை. ஆரம்பத்தில் டேட்டா, புத்தி பிசகுவது எப்படி இருக்கும் என்று நண்பன் ஜியார்டியிடம் கேட்கிறான். அந்த நேரத்தில் இரண்டு எஞ்சினும் ஒரே பெட்டியை இழுத்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு அந்தக் கதையில் மிகவும் வலித்த இடம் அதுதான். தன் நோட்டில் வேறு கையெழுத்து வருவதை அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

மனிதர்களோடு ஒப்பிடலாமா?

‘ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி’ என்ற சொல்லை நாம் ரொம்ப லேசாகப் பயன்படுத்துகிறோம். முதலில், மனச்சிதைவு நோய் வேறு, இது வேறு. சினிமா இரண்டையும் குழப்பிவிட்டது. இரண்டாவது, ‘பல ஆளுமைக் கோளாறு’ என்று முன்பு சொன்னதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1994-ல், அதாவது இந்தக் கதை வந்த அதே வருடம், வேறு பெயருக்கு மாற்றியது. ஒரே மனிதரின் அடையாளமும் நினைவும் ஒன்று சேராமல் பிரிந்து நிற்பதுதான் பிரச்சினை, ஓர் உடம்பில் பல பேர் குடியிருப்பது இல்லை என்ற புரிதல் அதன் பின்னால் இருந்தது. கஷ்டப்படும் மனிதர்கள் அவர்கள். அவர்களை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது.

திசையைப் பாருங்கள். அங்கே ஒருவர் உள்ளிருந்து பிரிகிறார். டேட்டாவுக்கோ வெளியிலிருந்து பலர் வந்து சேர்கிறார்கள். ஆகவே வகுப்பில் அந்தப் பையன் சொன்ன பதில் முழுதாகப் பொருந்தாது.

பாட்டி சொன்னதற்குப் பிறகு வருகிறேன்.

முத்தோரைக்கு ஒரு செய்தி வந்தால்?

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி, 1970-லிருந்து வேலை செய்கிறது. சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவாகத் தேடிப் பிடித்து அதன் மேல் படுக்க வைத்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது. ஒரே அச்சில் திருப்பி ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

“அங்க ஒரு ஏலியன் சிக்னல் வந்தா நம்ம கம்ப்யூட்டருக்கும் இப்படி ஆகுமா சார்?” என்று கேட்டார்கள். சிக்னல் வந்தால் ஆன்டெனாவில் மெல்லிய மின்னதிர்வு உண்டாகும். அதை எண்ணாக மாற்றிச் சேமிப்பார்கள். அது நீல நோட்டில் விழும் பதிவு. யாரும் அதை ஓட்டப் போவதில்லை. அதோடு, செயலிக்குத் தெரிந்த உத்தரவு மொழி அதைச் செய்தவர்கள் வகுத்தது. எங்கோ இருப்பவர்கள் அந்த மொழியை அறியாமல் எழுதியது, கன்னடம் மட்டும் தெரிந்தவர் கையில் தமிழ் நோட்டைக் கொடுத்த கதைதான். கதையில் வரும் களஞ்சியம், கப்பலைத் தொட்டதும் அதன் மொழியைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்பனையின் பெரிய தாவல் அங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் நமக்குப் பழகிய கம்ப்யூட்டர்தான்.

தெரியாத நிரலை ஓட்டியே பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. கம்ப்யூட்டருக்குள்ளேயே பூட்டிய அறை மாதிரி ஓர் இடத்தை உண்டாக்கி, வெளியே கை நீட்ட முடியாதபடி அதை அங்கே ஓட்டுவார்கள். சாண்ட்பாக்ஸ் என்பார்கள். டேட்டாவுக்கு அந்த அறை இருந்திருந்தால், வந்தவர்களோடு பேசிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம்.

பாட்டி சொன்னது

கேப்டன் பிக்கார்ட் கடைசியில் என்ன செய்கிறார் தெரியுமா? வந்தவர்களின் பேச்சிலிருந்தும் கப்பலில் தோன்றிய குறியீடுகளிலிருந்தும் அவர்களுடைய புராணத்தைக் கட்டி எழுப்புகிறார். மசாகா சூரியன். அவளை வானத்தில் துரத்திக்கொண்டே போகும் கொர்கானோ நிலா. பிக்கார்ட் நிலாவின் முகமூடியைப் போட்டுக்கொண்டு, மசாகாவாக உட்கார்ந்திருக்கும் டேட்டாவின் முன்னால் நிற்கிறார். அவள் கதையின் மொழியிலேயே பேசி, ஓய்வெடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவளைச் சம்மதிக்க வைக்கிறார். அவள் தூங்கப் போகிறாள். களஞ்சியம் அடங்குகிறது, கப்பல் பழையபடி ஆகிறது, டேட்டா திரும்பி வருகிறான்.

இது மாயம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆளுமை, தனக்குப் புரிகிற உள்ளீட்டுக்குத்தான் பதில் சொல்லும். ‘நிறுத்து’ என்று கப்பல்காரர்களின் மொழியில் கத்தினால் மசாகாவின் அச்சில் அதற்கு இடமே இல்லை. நிலா உதித்தால் சூரியன் மறைய வேண்டும் என்பது அவளுக்குள்ளேயே எழுதியிருக்கும் விதி. பிக்கார்ட் அந்த விதியைத் தொட்டார்.

ஊரில் சாமி வந்து ஆடுபவரிடம் பெரியவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். “யாரு வந்திருக்க? என்ன குறை? என்ன வேணும் தாயி?” என்று, வந்தது யாரோ அவருக்குரிய முறையில் கேட்டு, வேண்டியதைக் கொடுத்து, மலையேறச் சொல்வார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதில் பாட்டியும் நானும் ஒத்துப்போக மாட்டோம். ஆனால் எதிரே நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் கேப்டனுக்கும் பாட்டிக்கும் வித்தியாசமே இல்லை. அதை அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு அவள் பாட்டியின் கேள்வியோடு வந்தாள். “அப்ப அந்தப் பையனுக்குள்ள வந்த அத்தனை பேரும் இப்ப எங்க இருக்காங்கன்னு கேக்கறாங்க சார்.”

கதையின் முடிவில் டேட்டா, ஆயிரக்கணக்கானவர்கள் இருந்த இடம் இப்போது காலியாக இருப்பதைப் பேசுகிறான். நீ ஒரு முழு நாகரிகமாகவே இருந்திருக்கிறாய் என்கிறார் பிக்கார்ட். தூதனும் சிறுவனும் கிழவரும் களஞ்சியத்துக்குள் மறுபடியும் எழுத்தாகிவிட்டார்கள், அழியவில்லை, ஓடவில்லை. டேட்டாவிடம் இருப்பது அவர்கள் வந்து போன நினைவு.

“நீல நோட்டுல இருக்காங்கன்னு சொல்லும்மா” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.